மின்னல் அடிக்கலையே, தம்பி!

ஒரு சின்னக் கேள்வி. கல்யாண வீட்டில் ரொம்ப முக்கியமான ஆள் யார்?

‘மாப்பிள்ளை’ என்று சொன்னால் உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ‘பெண்ணோட அப்பா’ என்றால் நீங்கள் கடன் வாங்கி அனுபவப்பட்டவர். ‘சமையல்காரர்’ என்றால் உங்களோடு எனக்குக் கை குலுக்க ஆசை. ஆனால் சரியான விடை, போட்டோகிராபர். அவர் ‘‘அப்படியே நில்லுங்க’’ என்றால் கெட்டிமேளம்கூட ஒரு நிமிஷம் யோசிக்கும். ‘‘இன்னொரு தடவை’’ என்றால் கட்டிய தாலியை மறுபடியும் கட்டுவதுபோல மாப்பிள்ளை கையை உயர்த்திக்கொண்டு சிலையாக நிற்பார். ராகு காலம் வந்தாலும் வரட்டும், ஃப்ளாஷ் அடிக்காமல் எதுவும் நடக்காது.

அப்பேர்ப்பட்ட சர்வாதிகாரி ஒருவர் ஆறே ஆறு செல்களிடம் தோற்றுப்போய் நின்றதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இடம், கல்வராயன் மலை. வருஷம், 1994.

அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் இல்லை. அது 2019-ல்தான் ஆயிற்று. 1993-ல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டத்தில் நாங்கள் இருந்தோம். எனக்கு ஒரு ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் முகூர்த்த நாட்களிலும், எங்கள் தெரு ஸ்டூடியோ அண்ணனுக்கு எடுபிடி. பை தூக்குவது, குடை பிடிப்பது, குழந்தைகளுக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவது. சம்பளம் கிடையாது. பந்தியில் முதல் வரிசை உண்டு. மேன்ஷன் சாப்பாடு சாப்பிடும் பிரம்மச்சாரிக்கு வேறென்ன வேண்டும்?

கல்வராயன் மலையில் ஒரு கல்யாணம் என்று அண்ணனுக்கு ஆர்டர் வந்தது. கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி, பஸ் முனகிக்கொண்டே வெள்ளிமலைக்கு ஏறியது. அங்கிருந்து ஒரு ஜீப். ஜீப்பும் ‘இதுக்கு மேல நீங்களே போய்க்கோங்க’ என்றபிறகு நடை. கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் மரவள்ளியும் சாமையும். 1976-ல்தான் இந்த மலையை ஜாகீர்தார்களிடமிருந்து அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதற்குப் பதினெட்டு வருஷம் கழித்து நாங்கள் போகிறோம். நாங்கள் போன ஊரில் பல பேர் அதுவரை கேமரா முன்னால் நின்றதே இல்லை.

விடிவதற்கு முன்னால் முகூர்த்தம். கல்யாண வீட்டில் கரண்ட் இல்லை, இரண்டு பெட்ரோமாக்ஸ். அண்ணன் கவலைப்படவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் கைப்பிடி வைத்த பெரிய ஃப்ளாஷ், அதன் வயிற்றுக்குள் சார்ஜ் செய்யும் பேட்டரி. ‘‘ராத்திரி பூரா சார்ஜ் போட்டிருக்கேன்டா. ரெண்டு ரோல் தாராளமா தாங்கும்’’ என்றார்.

முதல் படம். ‘குய்ங்ங்...’ என்று ஃப்ளாஷ் பாடியது. பத்து செகண்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஐந்தாவது படத்துக்கு அரை நிமிஷம். பத்தாவது படத்துக்கு அந்த ‘குய்ங்’ சளி பிடித்த கொசு மாதிரி ஆகிவிட்டது. தாலி கட்டும் நேரத்தில் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து ஒரே ஒரு மின்னல் அடித்தார். அதோடு சரி. சிவப்பு விளக்கு அப்புறம் எரியவே இல்லை.

பெட்டிக்கடையில் இருந்த டார்ச் லைட் பென்சில் செல்லை ஆறு வாங்கி, பையிலிருந்த செல் கூட்டில் போட்டோம். நாலு படம். அதுவும் மண்டையைப் போட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் பெண்ணின் ஆயாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எண்பது வயது இருக்கும். புதுப் புடவை. காதில் கனமான தோடு. பேத்தி பக்கத்தில் வந்து நின்றாள். அண்ணன் கேமராவைத் தூக்கினார். ‘க்ளிக்’ என்று வெறும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆயா கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அப்புறம் கேட்டாள், ‘‘மின்னல் அடிக்கலையே, தம்பி? என் மூஞ்சி விழுமா?’’

‘‘விழும் ஆயா’’ என்றார் அண்ணன்.

விழாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார்: ‘‘ராத்திரி பூரா சார்ஜ் போட்டேனேடா!’’

அந்தப் புதிருக்கு விடை எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. போன மாதம் அண்ணன் ஸ்டூடியோவைச் சுத்தம் செய்யும்போது அதே ஃப்ளாஷைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். ‘‘செத்துப்போச்சு தம்பி. வேணும்னா எடுத்துட்டுப் போ, இல்லேன்னா பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடு.’’ அது சாகவில்லை என்று கண்டுபிடித்ததுதான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டுப் பரணிலும் அப்பாவுடைய, மாமாவுடைய ஃப்ளாஷ் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம். பழைய இரும்புக்காரருக்குக் குரல் கொடுக்குமுன் கொஞ்சம் படியுங்கள்.

ஆயா சொன்னது விஞ்ஞானம்!

ஃப்ளாஷை ஆயா ‘மின்னல்’ என்றாள். அட்சர சுத்தமான விஞ்ஞானம். கண்ணாடிக் குழாய்க்குள் செனான் என்ற வாயு. அதன் வழியாக மின்சாரம் ஒரே பாய்ச்சலில் பாய்கிறது. மேகத்தில் நடந்தால் மின்னல், குழாய்க்குள் நடந்தால் ஃப்ளாஷ்.

இதற்கு முன்னால் வெளிச்சம் வேண்டுமென்றால் மெக்னீசியப் பொடியைக் கொளுத்த வேண்டும். 1887-ல் ஜெர்மனியில் கண்டுபிடித்தது. படம் எடுப்பவரின் புருவத்துக்கு உத்தரவாதம் கிடையாது. 1929-ல் ஃப்ளாஷ் பல்பு வந்தது. ஒரு பல்பு, ஒரு படம், அப்புறம் குப்பை. 1931-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹரால்ட் எட்ஜர்ட்டன் மின்சாரத்தால் திரும்பத் திரும்ப மின்னும் விளக்கைச் செய்தார். பாயும் துப்பாக்கிக் குண்டையே நிறுத்திப் படம் பிடித்த மனிதர் அவர். இன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் உங்கள் கண்ணைக் கூச வைப்பதெல்லாம் அவருடைய வாரிசுகள்.

உள்ளே நடப்பது இதுதான். நாலு செல் போட்டால் ஆறு வோல்ட். செனானுக்கு ஆறு வோல்ட் எந்த மூலைக்கு? அதனால் உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் அதை முந்நூறு வோல்ட்டுக்கும் மேலே ஏற்றுகிறது. அந்தக் ‘குய்ங்ங்’ சத்தம் அதனுடைய உழைப்பு. ஏற்றிய மின்சாரத்தை ஒரு கெப்பாசிட்டரில், அதாவது அண்டாவில் தண்ணீர் பிடிப்பதுபோல, நிரப்பி வைக்கிறது. நீங்கள் பட்டனை அழுத்தியதும் அண்டா முழுவதையும் ஒரே வீச்சில் கவிழ்க்கிறது. 330 வோல்ட், 1,000 மைக்ரோ ஃபாரட் அண்டா என்று வைத்துக்கொண்டால் கணக்கு 54 ஜூல் வரும். ஒரு வாட் குட்டி விளக்கு கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் எரிவதற்கான தீனி. அதை ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் துப்பிவிடுகிறது. அதனால்தான் கண் கூசுகிறது.

அண்டாவை மறுபடி நிரப்ப வேண்டியது செல்லின் பொறுப்பு. டார்ச் பல்பு சுமார் கால் ஆம்பியர் கேட்கும். ஃப்ளாஷ் நிரம்ப ஆரம்பிக்கும்போது ஐந்து ஆம்பியருக்கு மேலேகூட இழுக்கும். பெட்டிக்கடை செல் நாலே படத்தில் கவிழ்ந்ததற்குக் காரணம் இதுதான். மாட்டு வண்டியை எக்ஸ்பிரஸ் ரயிலில் கோர்த்த கதை. தப்பு மாட்டின் மேல் இல்லை.

1.5 பெரிதா, 1.2 பெரிதா?

இதைப் படிக்கும் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் நண்பர் உடனே ஒரு பாயின்ட் பிடிப்பார். ‘‘கடையில் வாங்கும் ஆல்கலைன் செல் 1.5 வோல்ட். சார்ஜ் செய்யும் செல் 1.2 வோல்ட்தான். அப்புறம் எப்படி சார்ஜ் செல் உசத்தி?’’

நல்ல கேள்வி. பெரிய குடம்தான், ஆனால் கழுத்து குறுகல் என்றால் தண்ணீர் வேகமாக வராது இல்லையா? அந்தக் கழுத்துக்குப் பெயர் உள் தடை. புது ஆல்கலைன் பென்சில் செல்லின் உள் தடை சுமார் 0.15 ஓம். நிக்கல் காட்மியம் செல்லுக்கு சுமார் 0.03 ஓம். ஐந்து ஆம்பியர் இழுத்துப் பாருங்கள். ஆல்கலைனில் 0.75 வோல்ட் உள்ளேயே காணாமல் போய், வெளியே வருவது 0.75. நிக்கல் காட்மியத்தில் 0.15 மட்டும் போய், வெளியே 1.05. சம்பளம் 1.5 என்று எழுதியிருந்தாலும் பிடித்தம் போகக் கையில் வருவதுதானே சம்பளம்?

செல் வயதாக வயதாக இந்தப் பிடித்தம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே உங்கள் பேட்டரியின் ஆரோக்கியத்தைச் சொல்ல டாக்டர் வேண்டாம், கைக்கடிகாரம் போதும். சார்ஜ் செய்து முடித்ததும் ஃப்ளாஷை முழு வெளிச்சத்தில் ஒரு தடவை அடியுங்கள். விளக்கு மறுபடி எரிய எத்தனை செகண்ட் என்று எண்ணி, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃப்ளாஷ் உறைக்குள் போட்டு வையுங்கள். அந்த எண் இரண்டு மடங்கானால் பேட்டரி ஓய்வூதியம் கேட்கிறது என்று அர்த்தம். இன்னொரு ரகசியம்: பல ஃப்ளாஷ்களில் அண்டா முழுசாக நிரம்புவதற்கு முன்னாலேயே விளக்கு எரிந்துவிடும். எரிந்தபிறகும் இரண்டு, மூன்று செகண்ட் பொறுத்து அடித்தால் படம் இருட்டடிக்காது.

ஆறு பேர் செக்‌ஷனில் ஒரு சோம்பேறி

இப்போது அண்ணனின் புதிருக்கு வருவோம். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்ட பேட்டரி ஏன் பத்து படத்தில் படுத்தது?

உங்கள் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் செக்‌ஷன். ஃபைல் ஒருவர் மேஜையிலிருந்து அடுத்தவர் மேஜைக்குப் போக வேண்டும். ஐந்து பேர் சுறுசுறுப்பு, ஒருவர் மட்டும் காலை பத்தரைக்கே களைத்துவிடுவார். ஃபைல் எங்கே நிற்கும்? அவர் மேஜையில். பேட்டரிக்குள்ளும் இதே கதைதான். ஆறு செல் வரிசையாகக் கோர்த்திருக்கிறது. ஐந்து தெம்பாக இருந்தாலும் ஆறாவது காலியானால் மொத்தமும் முடங்கும்.

அதோடு விட்டதா? காலியான அந்தச் செல்லின் வழியாக மற்ற ஐந்தும் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பாவம், அது தலைகீழாகச் சார்ஜ் ஆகும். அதாவது பிளஸ் மைனஸாக மாறும். இப்படி நாலைந்து தடவை நடந்தால் அந்தச் செல் திரும்பவே முடியாது. போதாததற்கு நிக்கல் காட்மியத்தில் வயதான காலத்தில் உள்ளே நுண்ணிய உலோக முடிகள் வளர்ந்து ஷார்ட் ஆக்கிவிடும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். மல்டிமீட்டரில் பூஜ்யம்!

அண்ணனின் பேட்டரி உறையைத் திறந்து ஒவ்வொரு செல்லாக அளந்தேன். இவ்வளவு வருஷம் கிடந்ததில் எல்லாமே காலி, அது நியாயம். சார்ஜரில் அரை மணி வைத்துவிட்டு மறுபடி அளந்தேன். நாலு செல் 1.3 வோல்ட்டுக்கு வந்தது. ஒன்று 1.1. ஒன்று அசையவே இல்லை, பூஜ்யம். 1994-ல் ஆயாவின் முகத்தை இருட்டாக்கிய சோம்பேறி அதுவாகவே இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். நிரூபிக்க முடியாது. ஆனால் பார்த்தவுடன் கோபம் வந்தது.

மாற்றுவது எப்படி?

முதல் விதி: செத்த செல்லை மட்டும் மாற்றாதீர்கள். ஆறையும் மாற்றுங்கள். ஐந்து கிழவர்களோடு ஒரு இளைஞனைக் கோர்த்தால், புதியவன் ஓடும்போது பழையவர்கள் ஒவ்வொருவராக விழுவார்கள். ஒரே கம்பெனி, ஒரே கொள்ளளவு, முடிந்தால் ஒரே பெட்டியில் வந்த செல்கள்.

இரண்டாவது விதி: செல்லின் தலையில் நேரடியாக சால்டரிங் அயர்னை வைக்காதீர்கள். அந்தச் சூடு உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பையும் மூடியின் சீலையும் பதம் பார்த்துவிடும். பட்டை ஒட்டியே வரும் செல்கள் கிடைக்கின்றன. பட்டையின் நுனியில் சால்டர் செய்யலாம். இல்லையென்றால் ட்ரில்லிங் மெஷின், எலக்ட்ரிக் சைக்கிள் பேட்டரிகளுக்கு ஸ்பாட் வெல்டிங் போடும் கடையில் கொடுங்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது.

மூன்றாவது விதி: பிரிக்கும்போது பழைய செல்களுக்கு நடுவே குட்டியாக ஏதாவது ஒட்டியிருந்தால் ‘இது எதுக்கு?’ என்று வெட்டி எறியாதீர்கள். அது சூட்டைக் கவனிக்கும் காவல்காரன். அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். பிரிக்குமுன் நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எது பிளஸ், எது மைனஸ் என்று பிறகு மனைவியிடம் கேட்க முடியாது.

எந்தச் செல் போடுவது? பழைய நிக்கல் காட்மியத்தின் இடத்தில் இன்று நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போடலாம். அதே 1.2 வோல்ட், கொள்ளளவு அதிகம், காட்மிய விஷம் இல்லை. இதன் ஒரே கெட்ட பழக்கம், சும்மா வைத்தாலும் சார்ஜ் கரைந்துபோகும். 2005-ல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் அந்தப் பழக்கத்தைத் திருத்திய செல்லைக் கொண்டுவந்தது. இப்போது பல கம்பெனிகள் அந்த வகையைச் செய்கின்றன. மாதத்துக்கு ஒரு கல்யாணம் எடுப்பவர்களுக்கு அதுதான் சரி.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, கவனியுங்கள். பழைய செல் 600 மில்லி ஆம்பியர் மணி என்றால், அதன் சார்ஜர் 60 மில்லி ஆம்பியர் கொடுக்கும். சுமார் 14 மணி நேரத்தில், அதாவது ராத்திரி போட்டால் காலையில் ரெடி. நீங்கள் ஆசை ஆசையாக 2,000 போட்டால் அதே சார்ஜருக்கு 46 மணி நேரம் பிடிக்கும். கிட்டத்தட்ட இரண்டு பகல், இரண்டு ராத்திரி. ‘புது செல் போட்டும் பிரயோஜனமில்லை’ என்று பலர் அலுத்துக்கொள்வது இதனால்தான். பாதி வயிறு சாப்பாடு போட்டுவிட்டு, ஆள் பலமில்லை என்றால் எப்படி?

இதைவிடச் சுலப வழி ஒன்று உண்டு. உங்கள் ஃப்ளாஷுக்குப் பென்சில் செல் போடும் கூடு இருந்து, அதன் புத்தகத்தில் சார்ஜ் செல்லுக்கு அனுமதியும் இருந்தால், வெட்டல் ஒட்டல் எதுவும் வேண்டாம். ஆறு நல்ல செல், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் ஒரு நல்ல சார்ஜர், முடிந்தது வேலை. அண்ணனின் ஃப்ளாஷுக்கு நான் கடைசியில் செய்ததும் அதுதான். கூட்டுக்குள் கோந்து மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தது. ஆல்கலைன் செல் கசிந்த உப்பு. பஞ்சில் இரண்டு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு தொட்டுத் துடைத்து, பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பித்தளை பல்லைக் காட்டிச் சிரித்தது. கண்ணிலோ கையிலோ அந்த உப்பு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அரிக்கும்.

தோளில் மாட்டும் கனமான பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்குள் பெரும்பாலும் இருப்பது மூடிய லெட் ஆசிட் பேட்டரி. எமர்ஜென்சி விளக்கிலும் எலக்ட்ரானிக் தராசிலும் இருக்கும் ஆறு வோல்ட் பேட்டரியின் பங்காளி. நிறைந்தபின் ஓய்வில் 6.4 வோல்ட் காட்டும். 5.25-க்குக் கீழே இறக்கி, அப்படியே மூலையில் போட்டால் உள்ளே ஈய சல்பேட் கட்டி தட்டிப் போகும், அப்புறம் எழுந்திருக்காது. நிக்கல் காட்மியத்தைக் காலியாக வைக்கலாம். லெட் ஆசிட்டைப் பசியோடு படுக்க வைக்கக் கூடாது. கல்யாணத்திலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் சார்ஜில் போடுங்கள்.

இன்றைய பிள்ளைகளின் ஃப்ளாஷ்களில் லித்தியம் அயான். 1991-ல் சோனி கடைக்குக் கொண்டுவந்து, 2019-ல் அதன் மூல கர்த்தாக்கள் மூவருக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த சரக்கு. அதைப் பிரித்துச் செல் மாற்றுவது வீட்டு வேலை இல்லை, மொத்தமாகப் பேக்கையே மாற்றுங்கள். வயிறு வீங்கிய பேக்கை ஒரு நாள்கூட உபயோகிக்காதீர்கள். தனிச் செல் விற்பவர் 18650 அளவுச் செல்லில் ‘9,800’ என்று அச்சடித்துக் காட்டினால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். நல்ல செல்லே 3,500 வாக்கில்தான் இருக்கும். மிச்சமெல்லாம் தேர்தல் வாக்குறுதி.

<b>உயிரோடு இருக்க ஐந்து ‘கூடாது’</b>

1. ஃப்ளாஷின் தலைப்பகுதியைத் திறக்கக் கூடாது. செல்லை எடுத்துவிட்டாலும் கெப்பாசிட்டருக்குள் முந்நூறு வோல்ட் பதுங்கியிருக்கும். தொட்டால் தூக்கி அடிக்கும், ஆளையே கொல்லவும் கொல்லும். நாம் மாற்றுவது பேட்டரியை மட்டும்.

2. பழசும் புதுசும், ஆல்கலைனும் சார்ஜ் செல்லும் கலக்கக் கூடாது.

3. நிக்கல் காட்மியம் சார்ஜரில் லித்தியம் செல்லை வைக்கக் கூடாது. ஒன்றுக்கு 1.2 வோல்ட், இன்னொன்றுக்கு 3.7. வீடு பற்றி எரியும்.

4. பழைய ஃப்ளாஷை அப்படியே டிஜிட்டல் கேமராவில் மாட்டக் கூடாது. சில பழைய ஃப்ளாஷ்களின் காலில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பழைய கேமராக்கள் தாங்கின. புதியவற்றின் எலக்ட்ரானிக்ஸ் கருகும். முதலில் மல்டிமீட்டரால் அளந்து, கேமராவின் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

5. புது செல் ஜோரில் படபடவென்று அடித்துக்கொண்டே போகக் கூடாது. இருபது படம் முழு வெளிச்சத்தில் அடித்தால் பத்து நிமிஷம் ஓய்வு கொடுங்கள். ஃப்ளாஷும் மனுஷன்தான்.

பழைய செல் எங்கே போகிறது?

பழைய ஆறு செல்லையும் என்ன செய்வது? சத்தியமாகச் சொல்கிறேன், 1994-ல் காலியான பெட்டிக்கடை செல்களை நாங்கள் மலைச்சரிவில்தான் வீசிவிட்டு வந்தோம். அண்ணன் ஒன்று, நான் ஒன்று என்று யார் தூரமாக எறிகிறார் என்று போட்டி வேறு. கல்வராயன் மலையில் பெய்யும் மழைதான் ஓடையாகி, கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் கீழே இறங்கி, கள்ளக்குறிச்சிக் கழனிகளுக்குப் போகிறது. எங்கள் வீட்டு அரிசியும் அந்தத் தண்ணீரில் விளைந்ததுதான்.

வீசியது காட்மியமாக இருந்தால் இன்னும் மோசம். ஜப்பானில் ஜின்சு என்று ஒரு நதி. மேலே இருந்த சுரங்கத்திலிருந்து காட்மியம் அதில் கலந்தது. அந்தத் தண்ணீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்ட ஜனங்களுக்கு எலும்பு வலுவிழந்து, இருமினாலே முறிந்தது. ‘இதாய் இதாய்’ என்று அந்த நோய்க்குப் பெயர். ஜப்பான் மொழியில் ‘வலிக்குதே, வலிக்குதே’ என்று அர்த்தம். 1968-ல் ஜப்பான் அரசாங்கமே அதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. அங்கே வந்தது சுரங்கத்துக் கழிவு, நம்முடையது ஆறு செல்தான். ஆனால் ஆறு ஆறாகத்தான் எல்லாக் குப்பையும் சேர்கிறது.

நம் நாட்டில் 2022-ல் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்துவிட்டன. பென்சில் செல்லோ, லாரி பேட்டரியோ, எந்தப் பேட்டரியையும் வீட்டுக் குப்பையில் கலக்கக் கூடாது. திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரித்தவர் தலையில். நம் பங்கு, செல்லின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, தனியாக ஒரு டப்பாவில் சேர்த்து, மின்னணுக் கழிவு வாங்குகிறவரிடமோ பேட்டரி விற்கும் கடையிலோ கொடுப்பது. அண்ணனின் ஆறு செல்லும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த தடவை சேலம் போகும்போது என்னோடு வரும்.

சரி, ஆயா என்ன ஆனாள்?

மூன்று மாதம் கழித்து ஆல்பம் கொடுக்க நாங்கள் மறுபடி மலை ஏறினோம். ‘விழும் ஆயா’ என்று சொன்ன வாய். அண்ணன் வழியெல்லாம் பேசவில்லை. அந்த ஒரு படத்தை ஆல்பத்தில் ஒட்டாமல் விட்டிருக்கலாம். ஆனால் மனசு கேட்காமல் ஒட்டிவிட்டார். கும்மிருட்டு. ஓரத்தில் பெட்ரோமாக்ஸ் ஒரு மஞ்சள் பொட்டு. நடுவில் இரண்டு நிழல்.

ஊரே கூடி உட்கார்ந்து ஆல்பம் பார்த்தது. ஆயா பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் தேடினாள். கடைசியில் பேத்தி விரலை வைத்துக் காட்டினாள், ‘‘இதான் ஆயா நீ.’’

ஆயா கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் அண்ணனைப் பார்த்தாள். ‘‘நான் கறுப்புன்னு எனக்குத் தெரியும் தம்பி. இவ்ளோ கறுப்பா?’’

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஆயாவின் கையைப் பிடித்து, வாசலுக்குக் கூட்டி வந்து, திண்ணையில் உட்கார வைத்தார். நல்ல மத்தியான வெயில். ‘‘ஆயா, இப்ப மின்னல் வராது. ஆனா மூஞ்சி விழும். சத்தியமா விழும்’’ என்றார். மூன்று படம் எடுத்தார். அதில் ஒன்றைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, அடுத்த வாரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். பணம் வாங்கவில்லை. ஆயாவை யாரும் எடுத்த படம், எனக்குத் தெரிந்து, அந்த மூன்றுதான்.

போன வாரம் ஃப்ளாஷை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். அண்ணனுக்கு இப்போது எழுபதை நெருங்குகிறது. மகன்தான் கடையைப் பார்த்துக்கொள்கிறான். புது செல் போட்ட கூட்டை மாட்டி சுவிட்சைப் போட்டேன். ‘குய்ங்ங்...’ என்று இளமைக் குரலில் பாடியது. ஆறு செகண்டில் சிவப்பு விளக்கு. பட்டனை அழுத்தினேன். கடை முழுக்க ஒரு மின்னல். ரோட்டில் போன ஒருவர் வானத்தைப் பார்த்துவிட்டுக் குடையை விரித்தார்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

‘‘எவ்ளோடா ஆச்சு?’’

‘‘சார்ஜரைச் சேர்க்காம, ஒரு பந்திச் சாப்பாட்டுக் காசுதான் அண்ணே.’’

‘‘அவ்ளோதானா?’’ என்றார். ஃப்ளாஷைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘‘அன்னிக்கே மாத்தியிருந்தா ஆயாகிட்ட பொய் சொல்லியிருக்க வேண்டாம்.’’